நாற்பத்தேழாவது கேள்வி

ஒன்பது வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து தேய்த்தவருக்கு, அந்த நாற்காலி அவருடையதல்ல என்பதை வருடத்துக்கு ஒருமுறை ஞாபகப்படுத்துவார்கள். அதற்குப் பெயர் காண்ட்ராக்ட் புதுப்பித்தல். நிறுவனம் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடம். பதினோரு கிளைகள். எந்தக் கிளையில் யார் கையை நீட்டினாலும் சர்க்கரை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்ற விவரம் கடைசியில் வந்து விழுகிற இடம் டேட்டாபேஸ். அதைக் கட்டிக் காப்பவர் இவர். அலுவலகத்தில் ‘டிபிஏ சார்’. வீட்டில் மனைவி உறவுக்காரர்களிடம் வேறு மாதிரி சொல்வாள்: “கம்ப்யூட்டருக்குள்ள ஒரு ஸ்டோர் ரூம் இருக்காம். அதுக்கு இவர் வாட்ச்மேன்.” அவருடைய பதினெட்டு வருட அனுபவத்தை இதைவிடச் சரியாக எந்தப் பயோடேட்டாவும் சொன்னதில்லை.

இந்த முறை ஞாபகப்படுத்த வந்தவன் மனைவியின் தம்பி. ஆட்களைக் காண்ட்ராக்டில் அனுப்பிவைக்கும் ஏஜென்சி நடத்துகிறான். அக்கா புருஷனையும் அந்த நாற்காலிக்கு அனுப்பியவன் அவனே. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, சோபாவில் சாய்ந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே விஷயத்தைக் கழற்றினான்.

“மாமா, இந்தத் தடவை சும்மா கையெழுத்துப் போட மாட்டாங்க. உங்க பயோடேட்டாவை மெஷின்ல போட்டாங்க. துப்பிடுச்சு.”

“துப்பிடுச்சா? பதினெட்டு வருஷத்தை எழுதியிருக்கேனேப்பா அதுல!”

“அதுக்கு வருஷமெல்லாம் எண்ணத் தெரியாது மாமா. சர்டிபிகேட்னு ஒரு வார்த்தை இருக்கான்னு தேடும். இல்லைன்னா அடுத்த ஆளு.”

“நான் இல்லைன்னா அந்த மெஷினே ஓடாதுய்யா.”

“அந்த விஷயம் மெஷினுக்குத் தெரியலையே.”

மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். “அவன் சொல்றதைக் கொஞ்சம் காதுல வாங்குங்க. பாப்பாவுக்கு இன்னும் ரெண்டு வருஷம் காலேஜ் இருக்கு. நாப்பத்தொம்பது வயசுல உங்களை வேற எவன் கூப்பிட்டு உக்கார வைப்பான்?”

கடைசியில் ஆறு சனிக்கிழமை தீவிரப் பயிற்சி, ஏழாவது வாரம் புதன்கிழமை தேர்வு, தேறினால் ஒரு வருடப் புதுப்பிப்பு என்று முடிவாயிற்று. நிறுவனத்தின் புது விதியும் அதுதான். அந்தக் காலாண்டு முடிவதற்குள் சான்றிதழ் இல்லாத காண்ட்ராக்ட்காரர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.

ஒரே ஒரு சிக்கல். சனிக்கிழமை அவருக்கு வேறு வேலை இருந்தது.

அந்த வேலையை யாரும் சொல்லிச் செய்யவில்லை. எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்கவும் இல்லை. டேட்டாபேஸ் தினமும் தன்னைத் தானே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். அதுதான் பேக்கப். எடுத்து முடித்ததும் ‘வெற்றி’ என்று பச்சையில் ஒரு வரி எழுதும். தனக்குத் தானே பாராட்டுப் பத்திரம் வாசித்துக்கொள்பவர்களை இவர் பொதுவாக நம்புவதில்லை. அதனால் சனிக்கிழமை பத்து மணிக்கு, வாராந்திர நகலை எடுத்து மேஜைக்கு அடியில் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் முதலிலிருந்து கொட்டிப் பார்ப்பார். அதற்கு ரீஸ்டோர் என்று பெயர். முழு டேட்டாபேஸும் அதில் உயிரோடு எழுந்து உட்கார்ந்தால் நகல் நல்லது. எழாவிட்டால் எங்கோ கோளாறு. அந்தக் கம்ப்யூட்டருக்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தார்கள். எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் ஒரு குறை கண்டுபிடிக்கும் என்பதால்.

இந்தச் சடங்கில் அவருக்கு ஒரே கூட்டாளி, பேக்கப்பைக் கவனித்துக்கொள்ளும் ஆபரேட்டர். நாற்பதை எட்டிப்பிடிக்கப்போகும் பெண், அவளும் காண்ட்ராக்ட்தான். எல்லாரும் ‘பேக்கப் மேடம்’ என்பார்கள். மாமியார் எழுந்து உட்கார்ந்ததும், அந்த வாரத்தில் வந்த ஏதாவது மூன்று பேரின் முடிவுகளை அவள் அச்சடித்த தாளிலிருந்து படிப்பாள். இவர் மாமியார் திரையில் சரிபார்ப்பார்.

“ஹீமோகுளோபின் பதினொண்ணு புள்ளி ரெண்டு.”

“பதினொண்ணு புள்ளி ரெண்டு.”

“கிரியாட்டினின் ஒண்ணு புள்ளி ஒண்ணு.”

“இருக்கு. பாவம், ஆளு நல்லாத்தான் இருக்கான்.”

மூன்றும் ஒத்துப்போனால் அவள் ஒரு நீல அட்டை நோட்டில் தேதி போட்டு டிக் அடிப்பாள். ஒன்பது வருட டிக். இடையில் இரண்டே இரண்டு முறை பெருக்கல் குறி. இரண்டும் இவர் செய்த தவறு. டேட்டாபேஸுக்குப் புது டிஸ்க் சேர்த்துவிட்டு, எவற்றையெல்லாம் நகலெடுக்க வேண்டும் என்று தானே கையால் எழுதிவைத்த பட்டியலில் அந்த டிஸ்க்கின் பெயரைச் சேர்க்க மறந்துவிட்டார். இரண்டு முறையும் மாமியார் சனிக்கிழமை காலையிலேயே கத்திக் காட்டிக்கொடுத்துவிட்டது. “சார், உங்க கையெழுத்து மாதிரியே உங்க மறதியும் மாறவே இல்ல,” என்று மேடம் சிரித்துக்கொண்டே பெருக்கல் குறி போட்டாள். பிறகு பட்டியலைத் திருத்தினார்கள். உலகத்துக்கு ஒன்றும் தெரியாது.

பயிற்சி நிலையம் குளியலறை டைல்ஸ் விற்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. படியேறும்போதே இரண்டு பக்கமும் பீங்கான் கழிப்பறைகள் வரிசையாக வாயைப் பிளந்து வரவேற்றன. மேலே முப்பது நாற்காலிகள், எலும்பைத் துளைக்கும் ஏசி, சட்டைக் காலரில் மைக் மாட்டிய ஒரு பயிற்சியாளர். தன்னைத் ‘தலைமை வழிகாட்டி’ என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். வழிகாட்ட வேறு யாரும் அங்கே இல்லை. முப்பது பேர் உட்கார்ந்திருந்த அறைக்கு மைக் எதற்கு என்றும் யாரும் கேட்கவில்லை.

“நீங்க எல்லாரும் ஏற்கெனவே ஜெயிச்சவங்க! சர்டிபிகேட் அதைச் சொல்ற ஒரு பேப்பர், அவ்ளோதான்! கை தட்டுங்க!”

முப்பது பேரும் தட்டினார்கள். ஏசி குளிருக்கு அது இதமாகவும் இருந்தது.

தொள்ளாயிரம் பக்கத்தில் ஒரு புத்தகம் கொடுத்தார்கள். அதைப் படிக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். படிக்க வேண்டியது கேள்வித் தொகுப்பு. இருநூறு கேள்விகள், தேர்வில் வருவது அதிலிருந்துதான். முதல் சனிக்கிழமை மாதிரித் தேர்வில் அவர் வாங்கியது ஐம்பத்தெட்டு. பக்கத்து நாற்காலியில், டேட்டாபேஸை வாழ்நாளில் பார்த்திராத ஒரு கல்லூரிப் பெண் எழுபத்தொன்பது.

அவரைக் கவிழ்த்தவற்றில் முக்கியமானது நாற்பத்தேழாவது கேள்வி. ‘எடுத்த பேக்கப் நல்ல நிலையில் உள்ளதா என்பதை எப்படி உறுதிசெய்வீர்கள்?’ அ: ‘வெற்றி’ என்ற வரி வந்திருக்கிறதா எனப் பார்ப்பேன். ஆ: வெரிஃபை கட்டளையை ஓட்டுவேன். இ: கோப்பின் அளவை ஒப்பிடுவேன். ஈ: விற்பனையாளரைத் தொடர்புகொள்வேன். அவர் நான்கையும் அடித்துவிட்டுப் பக்கத்திலேயே ‘ரீஸ்டோர் செய்து பார்க்க வேண்டும்’ என்று பேனாவால் எழுதியிருந்தார். அது போதாதென்று கையையும் தூக்கினார்.

“சார், வெரிஃபை கமாண்டு பெட்டிக்குள்ள வச்சது பத்திரமா இருக்கான்னுதான் பாக்கும். வைக்க மறந்ததைப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது. ரீஸ்டோர் பண்ணிப் பாத்தாத்தான் தெரியும். அது ஆப்ஷன்லயே இல்லையே?”

தலைமை வழிகாட்டி புன்னகைத்தார். மைக்கைச் சற்று வாய்க்கு அருகில் இழுத்துக்கொண்டார். “சார், நீங்க எக்ஸாம் எழுத வந்திருக்கீங்களா, இல்ல எக்ஸாமைத் திருத்த வந்திருக்கீங்களா?”

முப்பது பேரும் சிரித்தார்கள். இருபத்தொன்பது பேர் என்று சொல்ல வேண்டும். ஆனால் அவரும் கொஞ்சம் சிரித்தார், மரியாதைக்கு.

“விடை ஆ. குறிச்சுக்கோங்க. கை தட்டுங்க.”

முதல் சனிக்கிழமை மாமியாரை எழுப்பவில்லை. “ஒரு வாரம்தானே, அடுத்த வாரம் சேத்து வச்சுப் பாத்துக்கலாம்,” என்று மேடத்திடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் ஒரு புது டிஸ்க் வந்தது. பழைய டிஸ்க் நிறைந்துவிட்டது. இனிமேல் வரும் முடிவுகள் எல்லாம் புதியதில் போய் விழட்டும் என்று இவர்தான் மாற்றிவிட்டார். முறையாக அதை ஜோடியாகத்தான் போட வேண்டும். ஒன்று செத்தால் மற்றது தாங்கும். இரண்டாவது டிஸ்க்கை அடுத்த காலாண்டில் வாங்கிக்கொள்ளலாம் என்று மேனேஜர் தள்ளிவைத்திருந்தார். மாற்றிக்கொண்டிருக்கும்போதே திரையின் இன்னொரு பாதியில் கேள்வித் தொகுப்பு திறந்திருந்தது. எழுபத்திரண்டாவது கேள்வியில் இருந்தார். பட்டியலில் பெயர் சேர்க்கவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை டீ இடைவேளையில் மேடம் போன் செய்தாள்.

“சார், நான் மட்டும் வந்து மாமியாரை ஓட்டிப் பாத்துடட்டுமா? ரெண்டு வாரமா டிக் போடாம நோட்டைப் பாக்கவே என்னவோ மாதிரி இருக்கு. ஆனா சனிக்கிழமை தனியா உள்ள விட மாட்டேங்கிறாங்க. நீங்க ஒரு லெட்டர் குடுத்தா போதும்.”

கடிதம் எழுதினால் மேனேஜர் எதற்கு என்று கேட்பார். சொன்னால், இத்தனை வருடம் ஏன் எழுதாத வேலையைச் செய்தீர்கள் என்பார். அன்று காலை மாதிரித் தேர்வில் எழுபத்தாறு வாங்கியிருந்தார். நாற்பத்தேழாவது கேள்விக்கு ஆ போட்டிருந்தார். வார்த்தை தானாக வந்தது.

“வேண்டாம்மா. இப்ப அப்படியெல்லாம் யாரும் பண்றதில்ல. தினமும் வெரிஃபை கமாண்டு ஓட்டுங்க, போதும். புத்தகத்துலயே அப்படித்தான் இருக்கு.”



“நீங்களா சார் சொல்றீங்க?”

“நான்தாம்மா சொல்றேன்.”

“சரி சார்,” என்றாள்.

தெரிந்ததை மறக்க மறக்க மதிப்பெண் ஏறியது. நான்காவது வாரம் எண்பத்திரண்டு. ஐந்தாவது வாரம் எண்பத்தெட்டு. அனுபவசாலி எங்கே தடுக்கி விழுகிறார் என்பது அவருக்கு இப்போது புரிந்துவிட்டது. கேள்வியைப் படித்ததும் ‘நான் என்ன செய்வேன்?’ என்று யோசிக்கக் கூடாது. ‘இதை எழுதியவன் என்ன நினைத்திருப்பான்?’ என்று யோசிக்க வேண்டும். கல்லூரிப் பெண்ணுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. மறப்பதற்கு அவளிடம் எதுவும் இல்லை.

புதன்கிழமை தேர்வில் தொண்ணூற்றொன்று. திரையில் பச்சை எழுத்தில் ‘வெற்றி’ என்று வந்தது. அவர் அதை நம்பினார்.

மச்சான் சான்றிதழைப் போட்டோ எடுத்து, ‘எங்கள் குடும்பத்தின் பெருமை’ என்று போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பினான். மனைவி ஹாலில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஆணி அடிக்கச் சொன்னாள். வியாழக்கிழமை மேனேஜர் எழுந்து நின்று கை கொடுத்தார். அவருக்கு முப்பத்திரண்டு வயது. எழுந்து நிற்பதை நிர்வாகப் படிப்பில் கற்றிருந்தார். “ரின்யூவல் லெட்டர் ரெடி சார். திங்கட்கிழமை சைன் பண்ணிடலாம்.” அன்று மாலை இவர் மேடத்திடம் சொன்னார்: “சனிக்கிழமை வாங்க. மாமியாரைத் தூசி தட்டி எழுப்பலாம்.” அவள் தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குப் புது டிஸ்க் செத்தது.

முதலில் அவர் பதறவே இல்லை. இதற்குத்தானே பேக்கப். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாக ரீஸ்டோர் ஆரம்பித்தார். டேட்டாபேஸ் எழுந்து உட்கார்ந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமைக்கு, அதாவது ஆறு வாரத்துக்கு முந்தைய அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு, அப்பால் அதற்கு எதுவும் ஞாபகம் இல்லை. முப்பத்தெட்டு நாள். பதினோரு கிளை. தன் கையால் எழுதிய பட்டியலைத் திறந்து பார்த்தார். பார்க்காமலேயே அவருக்குத் தெரியும். தினசரி வெரிஃபை பதிவுகளையும் மேடம் திறந்து காட்டினாள். அவர் போனில் சொன்னதிலிருந்து ஒரு வேலைநாள்கூடத் தவறாமல் பச்சை வரிகள். பெட்டிக்குள் வைத்தது அத்தனையும் பத்திரமாக இருந்தது.

“மூணாவது தடவை சார்,” என்றாள் மெல்ல. இந்த முறை சிரிக்கவில்லை.

செத்த டிஸ்க்கை யார் யாரிடமோ அனுப்பிப் பார்த்தார்கள், ஒன்றும் தேறவில்லை. அச்சடித்து வாங்கிப்போனவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்களுக்கெல்லாம், ‘தொழில்நுட்ப மேம்பாடு காரணமாகத் தாங்கள் மீண்டும் ஒருமுறை வந்து மாதிரி அளிக்க வேண்டும்’ என்று குறுஞ்செய்தி போயிற்று. மேம்பாடு என்ற சொல் மேனேஜருடையது.

செவ்வாய்க்கிழமை விசாரணை. கண்ணாடி அறை, நீள மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். மேஜைக்கு ஒரு பக்கம் மேனேஜர், முன்னால் ஒரு படிவம். எதிரே இவரும் மேடமும். மேனேஜரின் கைக்கு அடியில் இன்னொரு உறை. திங்கட்கிழமை கையெழுத்தாகாத புதுப்பிப்புக் கடிதம். அது அங்கே இருப்பதை இவர் பார்க்க வேண்டும் என்றே வைக்கப்பட்டிருந்தது.

“இது யாரையும் குத்தம் சொல்றதுக்கான மீட்டிங் இல்ல,” என்று மேனேஜர் தொடங்கினார். அப்படித் தொடங்கும் கூட்டங்களில் நிச்சயம் ஒரு தலை உருளும்.

“வெரிஃபை கமாண்டு தினமும் ஓடியிருக்கு. அதுதானே சார் சரியான முறை?”

“புத்தகத்துல அப்படித்தான் இருக்கு,” என்றார் இவர்.

“நீங்க சர்டிஃபைடு. நீங்களே சொல்றீங்க. அப்ப செயல்முறைல தப்பு இல்ல.” படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் அடித்தார். “தினமும் ஓட்டினது யாரு?”

“நான்தான் சார்,” என்றாள் மேடம். “ஆனா முன்னாடி சனிக்கிழமை சனிக்கிழமை ரீஸ்டோர் பண்ணிப் பாப்போம். பாத்திருந்தா முதல் வாரமே தெரிஞ்சிருக்கும். ஆறு வாரமாப் பண்ணல.”

“ஏன் பண்ணல?”

அவள் திரும்பினாள். “சாரையே கேளுங்க.”

மேனேஜரும் திரும்பினார். இவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தார். மூடினார். நான்தான் வேண்டாம் என்று சொன்னேன் என்பது நான்கே சொற்கள். உறை மேஜையில் இருந்தது. பாப்பாவுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

“நான் ட்ரெய்னிங்ல இருந்தேன் சார்,” என்றார்.

“சனிக்கிழமை ரீஸ்டோர் பண்றது ப்ரொசீஜர்ல இருக்கா?”

“இல்ல. அது பழைய பழக்கம். எழுதி வைக்கல.”

“இவங்களுக்கு சர்டிபிகேட் இருக்கா?”

“எனக்குத் தெரிஞ்சு இல்ல சார்.”

அத்தனையும் உண்மை. ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒரு ஆளை வெளியே அனுப்பிவிட்டார். மேனேஜர் படிவத்தின் கடைசிக் கட்டத்தில் ‘சான்றிதழ் பெறாத பணியாளரின் கவனக்குறைவு’ என்று எழுதி, பேனாவை மூடி, உறையை இவர் பக்கம் தள்ளினார்.

மேடம் அன்று பிற்பகலே கிளம்பினாள். டிபன் டப்பா, ஒரு சால்வை, மேஜைமேல் வைத்திருந்த சின்னச் செடி. நீல நோட்டை அவரிடம் நீட்டினாள். கடைசிப் பக்கத்தில் ஆறு சனிக்கிழமைகளின் தேதியும் ஒழுங்காக எழுதியிருந்தது. எதிரே ஒன்றுமில்லை.

“அம்மா, நான்...” என்று ஆரம்பித்தார்.

“விடுங்க சார். நான் உங்க இடத்துல இருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு யோசிச்சுப் பாத்தேன்.” பையின் ஜிப்பை இழுத்தாள். “சொல்லியிருப்பேன்னு நினைக்கிறேன். ஆனா எனக்கு யாரும் லெட்டர் நீட்டலையே, அதனால சுலபமாச் சொல்றேன்.”

இவர் நோட்டை வாங்கிக்கொண்டார்.

“அந்தக் கோர்ஸ் நடத்தறவங்க நம்பர் குடுங்க சார். இனிமே அது இல்லாம எவனும் உள்ள விட மாட்டான். நீங்கதான் அதுக்குச் சாட்சி.”

கொடுத்தார்.

வீட்டில் மச்சான் இரண்டு நாள் கழித்து வந்தான். “பாத்தீங்களா மாமா? அந்தப் பேப்பர் மட்டும் இல்லைன்னா அன்னைக்கு உருண்டிருக்கறது உங்க தலை! நான் சொன்னப்ப மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டீங்க.” அவன் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

மனைவி வெளியே போய்விட்டு வந்து, முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தாள். “போன மாசம்தானே வெறும் வயித்துல போய்க் குடுத்துட்டு வந்தேன். உங்க ஆபீஸ்ல ரிசல்ட்டைத் தொலைச்சுட்டாங்களாம், இன்னொரு தடவை குத்தணுமாம். நரம்பே கிடைக்கலைன்னு மூணு எடத்துல குத்திட்டா அந்தப் பொண்ணு. எந்தப் புண்ணியவான் தொலைச்சானோ!”

“யாரோ ஆபரேட்டராம்க்கா. சர்டிபிகேட் கிடையாதாம். தூக்கிட்டாங்க,” என்றான் தம்பி.

“நல்லா வேணும்,” என்றாள் அக்கா.

இவர் கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் சான்றிதழ் இருந்ததால் கடிகாரத்தையும் பார்க்க முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து அலுவலக முகவரிக்கு ஒரு பார்சல் வந்தது. பயிற்சி நிலையத்திலிருந்து. ‘தங்கள் நண்பரை எங்களிடம் அறிமுகம் செய்தமைக்கு நன்றி’ என்று ஒரு அட்டை, ஒரு பீங்கான் கோப்பை. கோப்பையில் தங்க எழுத்து: ‘சான்று பெறு! சாதனை தொடு!’ கீழ்மாடி டைல்ஸ் கடையின் அதே பீங்கான் போலப் பளபளத்தது.

அந்தச் சனிக்கிழமை பத்து மணிக்கு அவர் அலுவலகம் போனார். ஒன்பது வருடப் பழக்கம். மேஜைக்கு அடியில் குனிந்தார். சதுரமாக ஒரு இடம் மட்டும் தூசி இல்லாமல் இருந்தது. அலுவலகச் சொத்துப் பட்டியலில் இல்லாத கருவி என்று விசாரணைக்குப் பிறகு மாமியாரைத் தூக்கி உடைசலுக்குப் போட்டிருந்தார்கள். அதற்கான படிவத்தில் அவர் கையெழுத்தே இருந்தது. தினம் பத்துப் படிவம் வருகிறது, எதையென்று படிப்பது?

கோப்பையில் டீயை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. பேக்கப் மேடம்.

“சார், டீ ப்ரேக். ஒரு சந்தேகம். இங்க கேட்டா எல்லாரும் சிரிப்பாங்க.”

“சொல்லுங்கம்மா.”

“நாப்பத்தேழாவது கேள்வி. பேக்கப் நல்லா இருக்கான்னு எப்படிப் பாக்கறது?”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“ஆ,” என்றார்.

“ரீஸ்டோர் பண்ணிப் பாக்கறது?”

“அது ஆப்ஷன்ல இல்லம்மா.”

“சரி சார்,” என்றாள். பேனா தாளில் உரசுவது கேட்டது. இடைவேளை முடிந்துவிட்டது போலிருக்கிறது. அவளுக்குப் பின்னால் மைக்கில் யாரோ ஏதோ சொன்னார்கள், அறை முழுக்கக் கை தட்டியது. அவள் தட்டினாளா என்று தெரியவில்லை. ஒரு கையில் போன் இருந்தது.